துவக்குக்கு ஒரு தாங்கி

இப்பகுதியைத் தவறாது படித்துவரும் மாணவ அன்பர் ஒருவர் சிறியதொரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். ஆபிரிக்க வேட்டையைக் காட்டும் படமொன்றை அவர் பார்த்தாராம். வேட்டைக்காரருக்கு முன்னே நடந்து சென்ற வழிகாட்டியின் கையிலே துவக்கு இருக்கவில்லையாம். மூன்று மூங்கிற் கம்புகளை ஒன்றாகக் கட்டித் தோளிலே சாத்திச் சென்றாராம். "இவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மூன்று வெறுங் கம்பு எதற்கு?" என்பது அன்பரின் ஐயம்.

கேள்வி சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று. யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களை நம் பெரியோர் அறிவர். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வந்தவர், பிறர் கைகொடாமலே சுமையை இறக்கி இளைப்பாறுவதற்கென அவை நடப்பட்டன. துவக்குத் தாங்கியும் அவ்வாறே பாரத்தைத் தாங்குவதற்கு உண்டானது எனப் பலர் எண்ணுகின்றனர். முற்காலத்துக்கு அது பொருந்தும். இக்காலத்து வேட்டைத் துவக்கோ ஏழெட்டு இறாத்தல் நிறைதான் இருக்கும். அதைத் தூக்க மாட்டாதவர் காட்டுக்குள் நடந்து போகவும் மாட்டார். இன்று தாங்கி தாங்குவது, துவக்கைப் பிடித்திருப்பவருடைய உடம்பின் நடுக்கத்தைத்தான்.

எழுந்து நின்று, கையை முன்னே நீட்டி, விரல் நுனியைச் சுவரிலுள்ள ஒரு புள்ளிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மூச்சு உள்ளே செல்லும்போது விரல் சற்றே உயரும். வெளியே வரும்போது தாழும். இடையிடையே நாடித்துடிப்பும் தன் பங்குக்கு ஒரு தட்டுத் தட்டும். சிறிது நேரம் கழிந்தால் தோட்தசை களைத்து நடுங்கத் தொடங்கும். மலையேறி வந்த களைப்பும், விலங்கைக் கண்ட பரபரப்பும் சேர்ந்துவிட்டாலோ சொல்ல வேண்டியதில்லை.

இந்த அசைவு எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். துவக்கு ஒரு மீற்றர் நீளம் என்று கொள்ளுங்கள். பிடங்கு தோளிலே அசையாது நிற்க, குழலின் முனை மட்டும் ஒரு மில்லிமீற்றர் விலகுகிறது. நெல்மணி ஒன்றின் தடிப்பிலே ஏறக்குறையப் பாதி. 100 மீற்றருக்கு அப்பால் அந்த விலகல் 10 சென்ரிமீற்றர் ஆகிவிடும். 200 மீற்றரில் 20 சென்ரிமீற்றர். மானின் நெஞ்சறையோ ஒரு சாண் அகலம். அதற்குள்ளேதான் இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. சன்னம் அங்கே பட்டால் விலங்கு சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். முனை இரண்டு மில்லிமீற்றர் தவறினால் 200 மீற்றரிலே நெஞ்சுக்குப் போக வேண்டிய சன்னம் குடலிற் பாயலாம், முன்னங்காலை முறிக்கலாம், தாடையைப் பெயர்க்கலாம். முற்றாகத் தவறிப் போனால் அதுவே நல்லது என்று சொல்லுமளவுக்கு இவை கொடியவை. தாடை பெயர்ந்த மான் ஓடி மறையும். தின்னவும் குடிக்கவும் இயலாது நாட்கணக்கிலே கிடந்து சாகும். வெடி வைத்தவர் "குறி தப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார்.

காயப்பட்டது மானாயின் துன்பம் அதனோடு முடிகிறது. புலியாயின் அப்படி முடிவதில்லை.

1907 ஆம் ஆண்டிலே, இமயமலைச் சாரலில் உள்ள குமாயூன் பகுதியில், சம்பாவத் என்னும் ஊருக்கருகே ஜிம் கோர்பெற் ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலே 200 பேரையும், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாயூனுக்குள் வந்தபின் 236 பேரையும் அது கொன்றதாகக் கணக்கு. விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்களே அவர்களுட் பெரும்பாலார். மாலை கவிந்தபின் ஊர்கள் கதவடைத்துக் கிடந்தன; பகலிலும் வயலுக்குப் போக மக்கள் அஞ்சினர். புலி விழுந்தபின் கோர்பெற் அதன் வாயைச் சோதித்தார். வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு மட்டும் உடைந்து போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம் அது. இயற்கை கொடுத்த இரையைப் பற்றிக் கொல்லும் வலிமையை அந்தக் காயம் பறித்ததனாலேதான் அப்புலி மனிதரை நாடியது என்பது அவருடைய முடிவு. 1944 இல் வெளிவந்த தமது நூலின் முகவுரையிலும் அவர் இதனை அழுத்திச் சொல்கிறார்: புலியை மனிதர் மேற் பாயச் செய்யும் காயம், கவனமின்றி வைத்த ஒரு வெடியாலும், காயப்பட்ட விலங்கைத் தேடிச் சென்று முடிக்காத அலட்சியத்தாலும் உண்டாகலாம் என்று.

பல்லை உடைத்த அந்த வெடியை வைத்தவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் எங்கே நின்றார், எதிலே துவக்கைச் சாய்த்திருந்தார் என்பதும் இல்லை. ஆனால், நெற்றிக்கோ நெஞ்சுக்கோ குறிவைத்த சன்னம் வாயிலே பட்டது என்றால், இடையிலே தவறியது சில அங்குலமே. குழல் முனையிலே கணக்கிட்டால் ஒன்றிரண்டு நெல்மணி. மூன்று கம்பு எதற்கென்று கேட்ட அன்பர் இந்த இடத்திலே சிறிது நின்று யோசிக்கட்டும்.

தாங்கியின் வரலாறு துவக்கின் வரலாற்றைப் போலவே பழையது. பதினாறாம் நூற்றாண்டின் பெரிய மஸ்கெற் துவக்குகள் 15 இறாத்தலும் அதற்கு மேலும் நிறையுள்ளவை. கவைத்தடி ஒன்றை நிலத்திலே ஊன்றி, அதன் கவையிலே குழலைக் கிடத்தியே போர்வீரர் வெடி வைத்தனர். ஒல்லாந்து நாட்டிலே 1607 இல் யாக்கொப் டி கெய்ன் என்னும் ஓவியர் வெளியிட்ட படைப்பயிற்சி நூலின் படங்களைப் பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். வீரன் இடக்கையிலே தடியையும் துவக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எரியும் திரியையும் மருந்தையும் சன்னத்தையும் எவ்வாறு கையாள வேண்டும் என்று படிப்படியாக வரைந்திருக்கிறார். நம்மூரிலே முள்வேலி அடைப்பவர் முள்ளைத் தூக்கும் கவைத்தடி உண்டல்லவா? ஏறக்குறைய அதே வடிவந்தான்; அடியிலே இரும்புப் பூண். பின்னர்த் துவக்கு இலேசாகியதும் போர்வீரர் தடியை எறிந்துவிட்டனர். வேட்டைக்காரர் எறியவில்லை. போர்வீரன் எதிரே திரண்டு நிற்கும் படையை நோக்கிச் சுடுகிறான். ஒருவனுக்குத் தவறியது மற்றொருவனுக்குப் படும். வேட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இனி, எந்த நிலத்துக்கு எந்தத் தாங்கி என்பதற்கு வருவோம். அதற்கு முன் கேத்திரகணிதம் சிறிது வேண்டும். மாணவர்கள் முகஞ் சுளிக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கோலை ஊன்றித் துவக்கை வைத்தால் அது மேலும் கீழும் அசையாது. ஆனால் இடமும் வலமும் ஆடும். இரண்டு கோல்களை மேலே கட்டி, அடியைக் கத்தரிபோல விரித்தால் இடவல ஆட்டம் நின்றுவிடும். முன்பின் சாய்வு மட்டும் எஞ்சும். மூன்றாவது கோலைச் சேர்த்தால் அதுவும் அடங்கும். மாட்டுத் தொழுவத்து முக்காலி எவ்வளவு மேடுபள்ளமான நிலத்திலும் தளம்பாது நிற்பதையும், வீட்டு மண்டபத்து நாற்காலி சிறிது பள்ளமிருந்தாற் கூட ஆடுவதையும் எல்லோரும் கண்டிருக்கிறோம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்திலே அமையும். நான்காவது புள்ளி அமைந்தால் அதிர்ஷ்டம். ஒற்றைக் கோலை ஊன்றி நிற்கும் மனிதரும், தம் இரு கால்களையும் சேர்த்து எண்ணினால், ஒரு முக்காலியே. இதை அறிந்த மலைவாழ் வேட்டைக்காரர் ஒற்றைக் கோலோடு திருப்தியடைந்தனர்.

ஆபிரிக்கப் புல்வெளியிலே அது போதாது. சாம்பியா, தன்சானியா போன்ற நாடுகளில் மழைக்குப் பின் புல் இடுப்புக்கு மேலே வளர்ந்துவிடும். படுத்துக்கொண்டோ இருந்துகொண்டோ பார்த்தால் புல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. நின்றபடிதான் சுட வேண்டும். நின்றபடி சுடுவதே எல்லாவற்றினும் தளம்பல் மிகுந்தது. ஆகவே அங்கே மூன்று கம்புத் தாங்கி ஏறக்குறையக் கட்டாயமாகிவிட்டது. அதன் அமைப்பு எவ்வளவு எளிமையானதென்றால், ஆறடி நீளமுள்ள மூங்கில் மூன்றை எடுத்து, மேல் முனைக்கு ஒரு சாண் கீழே, பழைய மோட்டார் ரியூப்பிலே வெட்டிய இறப்பர் வாரினாற் சுற்றிக் கட்டிவிடுவதே. கால்களை விரித்தால் மேலே ஒரு கிண்ணம்போலக் கவை உண்டாகும். உயரமாக வேண்டுமானால் கால்களை ஒடுக்கலாம். தாழ வேண்டுமானால் அகட்டலாம். விலையுயர்ந்த உலோகத் தாங்கிகள் கடைகளில் எத்தனையோ வந்தபின்னும் பல வழிகாட்டிகள் மூங்கிலை விடவில்லை. மூங்கில் இலேசானது, அதைவிட முக்கியமாக, சத்தம் செய்யாதது. விடியற்காலை அமைதியிலே உலோகக் கால் ஒன்று கல்லிலே மோதும் "கிணுங்" என்ற ஓசை, மானுக்கு நாம் அனுப்பும் தந்தி.

வழிகாட்டி ஏன் கம்புகளைச் சுமந்து முன்னே போகிறார் என்பதும் இப்போது விளங்கும். விலங்கைக் கண்டதும் அவர் கம்புகளை ஊன்றிவிட்டு விலகுவார். பின்னால் வருபவர் ஓரடி முன்வைத்துத் துவக்கைக் கவையிலே கிடத்துவார். இருவருக்கும் நல்ல பழக்கமிருந்தால் இதெல்லாம் சில விநாடிகளிலே முடிந்துவிடும். பழக்கமில்லாதவர் கையிலே அதே கம்புகள் புல்லிலே சிக்கும்; ஒரு கால் மற்றக் காலைப் பின்னும்; விலங்கு போய்விடும். கம்பின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்வது நன்று. கால் விரித்து நிற்கும்போது கவை தோளுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அதற்குத் தாழ்ந்தால் முதுகு கூனும்; கூனிய முதுகு விரைவில் நடுங்கும்.

வட அமெரிக்கச் சமவெளியின் கதை வேறு. அங்கே புல் குட்டை; வெளி பெரிது; காட்டெருமை மந்தைகள் தொலைவிலே நின்றன. 1870களிலே தோலுக்காக அவற்றை வேட்டையாடியவர்கள் நிலத்திலே இருந்தபடி, இரண்டு குறுங் கோல்களைக் கத்தரிபோலக் கட்டி நட்டு, 12 முதல் 16 இறாத்தல் நிறையுள்ள ஷார்ப்ஸ் றைபிளை அதிலே கிடத்தி, ஒரே இடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டனர். தாங்கி அவர்களுக்குச் சிறப்பாகவே உதவியது. குறி தவறுவது குறைந்தது. ஆனால் 1889 இலே வில்லியம் ஹோர்னடே எடுத்த கணக்கின்படி, கோடிக்கணக்கில் இருந்த அந்த இனத்தில் வட அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 1,100 உயிர்களே எஞ்சியிருந்தன. சன்னம் எங்கே போக வேண்டும் என்பதைத் தாங்கி தீர்மானிக்கும். போகலாமா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

மலைநாட்டுக்கு வருவோம். ஒஸ்திரியாவிலும் பவேரியாவிலும் வரையாட்டை ஒத்த ஷாமுவா என்னும் மலையாட்டை வேட்டையாடுவோர் தொன்றுதொட்டு ஒரு நீண்ட கோலை எடுத்துச் செல்வர். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உறுதியான கோல்; பெரும்பாலும் ஹேசல் மரத்திலே வெட்டியது; அடியிலே இரும்பு முனை. செங்குத்தான சரிவிலே இறங்கும்போது உடம்பின் பாரத்தை அதன்மேலே சாய்த்து இறங்குவர். உதிர்கல் சரிவிலே அதுவே தடை; பனிமூடிய பள்ளத்தைக் கடக்குமுன் ஆழத்தைத் தட்டிப் பார்க்கும் கருவியும் அதுவே. விலங்கைக் கண்டால் கோலை முன்னே ஊன்றி, இடக்கையினால் அதை இறுகப் பற்றி, நீட்டிய பெருவிரலின் மேலே துவக்கைக் கிடத்துவர். நமது அபிப்பிராயத்திலே தாங்கிகளுள் இதுவே அறிவிற் சிறந்தது. சுடுவதற்கு ஒரு நிமிஷமே பயன்படும் பொருளை நாள் முழுவதும் வீணே சுமக்க வேண்டியதில்லை; அது நம்மைச் சுமக்கிறது.

மலையிலே இன்னொரு நுட்பம் உண்டு. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், சமதரையில் அதே தூரத்துக்குக் குறிவைப்பதுபோல வைத்தால் சன்னம் சற்று உயர்ந்தே படும். புவியீர்ப்பு சன்னத்தைக் கீழே இழுக்கும் அளவு, கிடையாக அளந்த தூரத்தையே பெரிதும் பொறுத்திருக்கிறது. சரிவிலே அளந்த தூரம் அதைவிட நீண்டது. மேலே சுட்டாற் சன்னம் தாழும் என்று எண்ணிக் குறியை இன்னும் உயர்த்துவோர் பலர். அவர்களை எந்தத் தாங்கியும் காப்பாற்றாது.

ஸ்கொட்லாந்தின் மலைகளிலே மரமே இல்லை. முழங்காலுக்குக் கீழான புதர்களும் ஈரக் கரிமண்ணுமே. செம்மானை நெருங்க நீரோடும் பள்ளங்களிலே வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். நிமிர்ந்தவர் அன்றைய வேட்டையை இழந்தார். ஆகவே அங்கே உயரமான கம்புக்கு வேலையில்லை. ஊர்ந்து சென்றவர் முதுகிலே கொண்டுபோன பையை முன்னே வைத்து, அதன்மேலே துவக்கைக் கிடத்தி, படுத்தபடியே சுடுவார். நிலமே தாங்கும்போது மனித உடம்பு ஆட இடமில்லை. எல்லா நிலைகளிலும் உறுதியானது இதுவே. இக்காலத்தில் துவக்கின் முன்கட்டையிலேயே மடக்கி வைக்கத்தக்க இருகால் தாங்கியைப் பூட்டிக்கொள்வோரும் மிகுதி. ஆறு முதல் ஒன்பது அங்குலக் கால் உள்ளது படுத்துச் சுடுவதற்கு. இருந்து சுடுவதற்கு இரண்டடிக்கு மேலும் நீளும் கால் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் துவக்கின் மூக்கிலே பாரம் ஏறுகிறது. புதரினூடே போகும்போது கொடியும் செடியும் அதைப் பிடித்திழுக்கின்றன. சரிவான நிலத்திலே துவக்கு ஒரு பக்கம் சாயாதபடி கால்களைத் தனித்தனியே நீட்டிக் குறைக்கவும் நேரம் வேண்டும். உயர்ந்த புல்லிலே அது வெறும் அலங்காரம்.

பாறையைக் கண்டதும் "இதைவிட உறுதியான தாங்கி ஏது?" என்று குழலை அதன்மேலே நேரே வைத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். வெடி தீரும் கணத்திலே துவக்கு துள்ளும். கடினமான பொருளிலே மோதினால் இன்னும் மேலே துள்ளும். சன்னம் குறிக்கு மேலாகப் போய்விடும். தொப்பியையோ, மடித்த சட்டையையோ, ஒன்றுமில்லாவிட்டால் சொந்தக் கையையோ இடையிலே வைக்க வேண்டும். வைப்பதும் குழலையன்று, முன்கட்டையை. அடர்ந்த காட்டிலே மரத்தைத் துணைகொள்ளும்போதும் இதே விதி: உள்ளங்கையை மரத்தோடு சேர்த்து அழுத்தி, விரித்த பெருவிரலிலே துவக்கைத் தாங்க வேண்டும். காட்டிலே மரங்களுக்குக் குறைவில்லை. தூரமும் ஐம்பது அறுபது மீற்றருக்கு மேலே தெரிவது அரிது. அங்கே குறைவாயிருப்பது நேரம். இரண்டு மரங்களுக்கிடையே விலங்கு தோன்றி மறையும் பொழுதுக்குள் கம்பை விரித்துக்கொண்டிருப்பவருக்கு மிஞ்சுவது கம்புதான். பரணிலே இருப்பவருக்கு மட்டும் இந்த அவசரமில்லை. குறுக்கே ஒரு மரத்தடியைக் கட்டி, பகலிலேயே உயரம் சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளிலே புல்வெளி, சரிவு, காடு மூன்றையும் கடக்க வேண்டியவர் என்ன செய்வது? மூன்று தாங்கிகளைச் சுமப்பது பேதைமை. தலைப்பாகத்தோடு இரண்டு மூன்று கிலோ நிறையுள்ள முக்காலிகளையும், பிடங்கையும் முன்கட்டையையும் ஒருங்கே தாங்கும் நாற்கால் தாங்கிகளையும் இன்று விற்கிறார்கள். நாற்கால் தாங்கி நின்றபடியே ஏறக்குறையப் படுத்தாற்போன்ற உறுதியைத் தருகிறது என்பது உண்மையே. அசையாது நிற்கும் விலங்குக்கும், சமமான நிலத்துக்கும் அது ஏற்றது. ஏற்ற இறக்கமான நாட்டிலே மாலைவரை நடப்பவருக்கு நாம் சொல்வது இதுதான்: நடக்கவும் ஊன்றவும் உதவுகின்ற இரண்டு கோல்கள், அவற்றைச் சேர்த்துக் கட்ட ஓர் இறப்பர் வார், முதுகிலே ஒரு மெத்தென்ற பை. நிற்கவும் இருக்கவும் கோல், படுக்கப் பை. இவையும் கைக்கெட்டாத வேளைக்குத் தோள்வார் இருக்கிறது. இடக்கையிலே அதைச் சுற்றி இறுக்கி, நிலத்திலே இருந்து, முழங்கைகளை முழங்கால்களின் உட்புறத்தே அணைத்தால் உடம்பே தாங்கியாகிவிடும். முழங்கையின் எலும்பை முழங்காற் சில்லின்மேலே நேரே வைக்கலாகாது. எலும்பின்மேல் எலும்பு உருளும்.

இவற்றுள் ஒன்றும் கூடிவராத நிலையிலே விலங்கு 200 மீற்றருக்கப்பால் நிற்கிறதென்றால், செய்யத்தக்கது துவக்கைத் தாழ்த்துவதே. நோர்வே நாட்டிலே பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் சுடும் சோதனையிலே தேறிய பின்னரே காட்டுக்குள் போகலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். கடந்த ஆண்டு தேறினேன் என்பது அங்கே செல்லாது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே இலங்கையில் வாழ்ந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள ஒரு றைபிளை வைத்திருந்தார். அந்நாளிலே யானைகளை எண்ணிச் சுடுவது ஆங்கிலேயருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. இன்றோ வேறொரு விதமான தாங்கி நம் காடுகளிலே ஒளிந்திருக்கிறது. விலங்கு நடக்கும் தடத்திலே துவக்கை மரத்தோடு கட்டி, விசையிலே கம்பியை இணைத்து, குறுக்கே இழுத்துவிட்டுப் போகிறார்களே, அந்தக் கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறோம். அதைவிட அசையாத தாங்கி உலகிலே இல்லை. ஆனால் குறிபார்ப்பவர் அங்கே இல்லை. பன்றிக்கென்று கட்டியது யானையின் காலைத் துளைக்கிறது, சிறுத்தையைக் கொல்கிறது, விறகெடுக்கப் போனவரின் முழங்காலைச் சிதைக்கிறது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. கட்டுபவர்கள் இன்னும் கட்டுகிறார்கள்.

துவக்கில்லாத வீட்டிலும் தாங்கியின் அருமையைச் சோதித்துப் பார்க்கலாம். கைத்தொலைபேசியின் படக்கருவியிலே உருவத்தை முற்றாகப் பெருப்பித்து, தூரத்துப் பனைமரத்தின் வட்டை நோக்குங்கள். பனை பேயாடும். பின்பு விளக்குமாற்றுத் தடியை முன்னே ஊன்றி, அதைப் பற்றிய கையின்மேலே தொலைபேசியை வைத்துப் பாருங்கள். ஆட்டம் பெரிதும் அடங்கும். மதிலின்மேலே ஒரு தலையணையைப் போட்டு, அதிலே கிடத்திப் பாருங்கள். ஓலையின் ஈர்க்குக்கூடத் தெரியும். வில்பத்துவுக்கும் யாலவுக்கும் படமெடுக்கப் போவோர் ஜீப்பின் கதவிலே போடும் துணிப்பை இந்தத் தலையணைதான். ஒரு முழத்துக்குச் சற்று நீண்ட காற்சட்டைத் துணியிலே தைத்து, ஓர் ஓரத்திலே சிப்பு வைத்து, வெறும் பையாகக் கொண்டுபோய், காட்டுக்குப் போகும் வழியிலுள்ள கடையிலே நாலைந்து இறாத்தல் பயறோ அரிசியோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். மணல் வேண்டாம், பாரம் மிகுதி, தையலூடே கசிந்து படக்கருவிக்குள்ளும் புகுந்துவிடும். பையை முக்கால்வாசிக்கு மேலே நிரப்பக் கூடாது. நிரப்பினால் வில்லையின் குழாய் அதிலே பள்ளம் விழுந்து அமராது உருளும். சிறுத்தையைக் கண்டதும் சாரதியிடம் முதலில் சொல்ல வேண்டியது எஞ்சினை நிறுத்தும்படி, பிறகுதான் பை.